வெயிலை வெளியே நிறுத்திய கதை

மேற்குப் பார்த்த கடைகள் உள்ள எந்தக் கடைத்தெருவிலும் பிற்பகல் 3 மணிக்கு மேல் இதைப் பார்க்கலாம். கடைக்காரர் எழுந்து வெளியே வருவார். முகப்பின் மேல் சுருட்டிக் கட்டியிருக்கும் தார்ப்பாயையோ மூங்கில் தட்டியையோ அவிழ்த்து இறக்கிவிடுவார். பொழுது சாய்ந்ததும் மறுபடியும் சுருட்டிக் கட்டுவார். அந்தத் தட்டியை அவர் கடைக்கு உள்ளே தொங்கவிடுவதில்லை, வெளியேதான் கட்டுகிறார். வெயிலை வெளியே நிறுத்தினால்தான் கடை தாங்கும் என்பது அவருக்குத் தெரியும். அந்தக் கடையில் நாள் முழுக்க உட்காருகிறவரும் அவரே.

இந்த எளிய விஷயத்தை 20ஆம் நூற்றாண்டின் பெரிய பெரிய அலுவலகக் கட்டடங்கள் மறந்தன. மறந்ததற்கு விலை கொடுத்தன, பிறகு மிகுந்த செலவில் திரும்பக் கற்றுக்கொண்டன. இன்று புதிய அலுவலகக் கட்டடங்களின் முகப்பில் வரிசையாகத் தெரியும் அலுமினியப் பட்டைகள், துளையிட்ட உலோகத் தகடுகள், கான்கிரீட் ஜாலிகள் ஆகியவற்றின் பின்னால் இந்தக் கதைதான் இருக்கிறது. அவற்றை வெறும் ‘எலிவேஷன்’ அழகு என்று நினைத்துக் கடந்துபோகிறோம். வெளிச்சுவர், பால்கனி, சன்ஷேடு பற்றிப் பேச்சு எழாத குடியிருப்பு வளாகம் கிடையாது என்பதால், இந்த வரலாறு நமக்கும் பயன்படும்.

கண்ணாடிக்கு உள்ளேயா, வெளியேயா?

முதலில் அடிப்படை. வெயில் கண்ணாடியை எளிதாகக் கடந்து உள்ளே வருகிறது. தரையிலும் மேசையிலும் திரைச்சீலையிலும் பட்டு அவற்றைச் சூடாக்குகிறது. சூடான பொருள்களிலிருந்து கிளம்பும் வெப்பக் கதிர்களோ வேறு வகையானவை. அவை கண்ணாடியைக் கடந்து வெளியே போக முடியாது. வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் ஏறும்போது நாம் உணர்வது இதைத்தான்.

திரைச்சீலையை ஜன்னலுக்கு உள்ளே போட்டால் கண் கூசாது. ஆனால் சீலை வாங்கிய சூட்டில் பெரும்பகுதி அறைக்குள்தான் இறங்கும். அதே திரை கண்ணாடிக்கு வெளியே இருந்தால், அது வாங்கும் சூட்டைக் காற்று கொண்டுபோய்விடும். ஏ.சி. வேலை செய்யவேண்டிய அளவை இந்த இட வேறுபாடே பெருமளவு தீர்மானிக்கிறது.

பாரிஸில் வெந்த கட்டடம்

1933 டிசம்பரில் பாரிஸ் நகரில் சால்வேஷன் ஆர்மி அமைப்பு ஒரு பெரிய புகலிடத்தைத் திறந்தது. வீடற்றவர்களும் குழந்தைகளோடு வரும் தாய்மார்களும் தங்குவதற்கான இடம் அது. வடிவமைத்தவர் அந்தக் காலத்தின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே. தெற்கு முகம் முழுவதும் ஒரே கண்ணாடிச் சுவர். திறக்கக்கூடிய ஜன்னல் ஒன்றுகூட இல்லை. கண்ணாடியை இரண்டு அடுக்காகப் போட்டு, நடுவே பதப்படுத்திய காற்றை ஓட்டலாம், உள்ளே எந்த நாளும் ஒரே சீரான வெப்பநிலை நிலவும் என்பது அவர் கனவு.

பணம் போதவில்லை. இரண்டு அடுக்குக் கண்ணாடி ஒற்றை அடுக்கானது. குளிரூட்டும் கருவி கைவிடப்பட்டது. ஜன்னல் இல்லாத கண்ணாடிச் சுவர் மட்டும் மிஞ்சியது. டிசம்பர் குளிரில் திறப்பு விழா நடந்தபோது எல்லாம் இதமாக இருந்தது. கோடை வந்ததும் உள்ளே இருக்க முடியவில்லை. குழந்தைகள் தங்கிய பகுதிகள் அடுப்பாயின. ஜன்னல் வைக்கச் சொல்லி அதிகாரிகள் வற்புறுத்த, கட்டடக் கலைஞர் தன் கொள்கையை விட்டுக்கொடுக்க மறுத்தார். கடைசியில் 1935இல் திறக்கும் ஜன்னல்கள் பொருத்தப்பட்டன. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சால் கண்ணாடிகள் நொறுங்கின. போருக்குப் பின் நடந்த சீரமைப்பில் அந்தத் தெற்கு முகத்துக்கு வெளியே கான்கிரீட் வெயில் தடுப்புகள் எழுந்தன.

அந்தத் தடுப்புக்கு லெ கொர்புசியே வைத்த பிரெஞ்சுப் பெயர் ‘பிரீஸ் சொலேய்’. ‘வெயிலை உடைப்பது’ என்று பொருள். 1930களில் வட ஆப்பிரிக்காவின் அல்ஜியர்ஸ் நகருக்கு அவர் வரைந்த திட்டங்களில் இந்த யோசனை வளர்ந்தது. அவை கட்டப்படவில்லை. கட்டப்பட்டது வேறொரு கண்டத்தில்.

ரியோவும் புதுச்சேரியும்

பிரேசிலின் அன்றைய தலைநகர் ரியோ டி ஜெனிரோ. அங்கே கல்வி, சுகாதார அமைச்சகத்துக்குப் புதிய அலுவலகம் கட்ட 1936இல் லூசியோ கோஸ்டா தலைமையில் ஓர் இளைஞர் குழு அமைந்தது. ஆஸ்கர் நீமையர் அதில் ஒருவர். லெ கொர்புசியே ஆலோசகராகச் சில வாரங்கள் வந்து தங்கினார். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் ரியோவில் வெயில் பெரும்பாலும் வடக்கிலிருந்து வரும். அதனால் அந்தக் குழு தெற்கு முகத்தைத் தயங்காமல் கண்ணாடியாக விட்டது. வடக்கு முகம் முழுவதும் கிடைமட்டத் தகடுகளை அடுக்கியது. அறைக்குள் இருப்பவர்களே அவற்றைத் திருப்பி, வெயிலுக்கு ஏற்பச் சாய்வை மாற்றிக்கொள்ளலாம்.

அதே நகரில் ராபர்ட்டோ சகோதரர்கள் கட்டிய பத்திரிகையாளர் சங்கக் கட்டடத்தில் செங்குத்தான நிலையான பட்டைகள் வந்தன. 1943இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் பிரேசில் கட்டடங்களுக்கென்று ஒரு கண்காட்சி நடத்தியபோது உலகம் இவற்றைக் கவனித்தது.

உலகம் கவனிக்காத இன்னொரு கட்டடம் அதே காலத்தில் நமக்குப் பக்கத்தில் எழுந்துகொண்டிருந்தது. அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில், ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் ‘கோல்கொண்டா’ விடுதி அது. அலுவலகக் கட்டடம் அல்ல, தங்குமிடம்தான். ஆனால் வெயில் தடுப்பின் வரலாற்றில் அதைத் தவிர்க்க முடியாது. ஹைதராபாத் நிஜாமின் அரசில் உயர் பதவியில் இருந்த சர் அக்பர் ஹைதரியின் வழியாக நன்கொடை வந்ததால் அந்தப் பெயர். ஜப்பானில் பணியாற்றிவந்த ஆன்டனின் ரேமண்ட் வடிவமைத்தார். ஜார்ஜ் நகாஷிமாவும் பிரான்டிசேக் சாமரும் களத்தில் நின்றனர். 1930களின் பிற்பகுதியில் தொடங்கிய வேலை போர்க்காலத்திலும் நீடித்தது. ஆசிரமவாசிகளே கட்டுமானத்தில் பங்கெடுத்தார்கள்.

கட்டடத்தின் நீண்ட முகங்கள் வடக்கும் தெற்கும் பார்த்தவை. அந்த முகங்களில் கண்ணாடி கிடையாது. மேலிருந்து கீழ்வரை திருப்பக்கூடிய கிடைமட்டத் தகடுகள்தான் வெளிச்சுவர். அந்தக் கால வழக்கப்படி கல்நார் சிமெண்டில் செய்தவை. காற்று வேண்டும்போது திறக்கலாம். சாரல் அடிக்கும்போது மூடலாம். உள்ளே அறைக்கும் நடைவழிக்கும் நடுவில் தேக்குச் சட்டங்களாலான நகரும் கதவுகள் இருக்கின்றன. கதவை மூடினாலும் காற்று நிற்காது. கூரையும் இரண்டு அடுக்கு. ஏ.சி. இல்லாமல் கடலோர வெக்கையை எதிர்கொள்ளக் கட்டியது அது. இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

நியூயார்க்கில் தோற்ற வாதம்

போர் முடிந்து ஐக்கிய நாடுகள் சபைக்கு நியூயார்க்கில் தலைமையகம் கட்ட முடிவானது. உலக நாடுகளின் கட்டடக் கலைஞர்கள் கூடிய குழுவில் லெ கொர்புசியேவும் இருந்தார். செயலகம் 39 மாடிக் கோபுரம். குறுகிய பக்கங்கள் சலவைக்கல் சுவர்கள், அகன்ற பக்கங்கள் முழுக் கண்ணாடி. அந்தக் கண்ணாடி முகங்கள் பார்த்தது கிழக்கையும் மேற்கையும்.

பாரிஸ் அனுபவம் லெ கொர்புசியேவை மாற்றியிருந்தது. நியூயார்க்கின் கோடை கொடியது, வெளித்தடுப்பு இல்லாமல் இவ்வளவு கண்ணாடி வைப்பது அறிவல்ல என்று அமெரிக்கப் பிரதிநிதி வாரன் ஆஸ்டினுக்கு 1947இல் கடிதம் எழுதி வாதாடினார். தலைமை வடிவமைப்பாளர் வாலஸ் ஹாரிசன் ஏற்கவில்லை. வெப்பத்தை உறிஞ்சும் பச்சைச் சாயக் கண்ணாடி, உள்ளே திரைகள், அதற்கும் மேல் ஏ.சி. என்று முடிவாயிற்று. 1950இல் ஊழியர்கள் குடிபுகுந்தார்கள்.

ஹாரிசனுக்குத் துணிச்சல் தந்தது ஏ.சி. 1902இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதி அச்சகம் ஒன்றில் ஈரப்பதத்தால் காகிதம் விரிந்து சுருங்குவதைத் தடுக்க வில்லிஸ் கேரியர் ஏற்பாடு செய்த முறை, அரை நூற்றாண்டுக்குள் வானளாவிய கட்டடங்களைக் குளிரவைக்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது. மின்சாரமும் மலிவு. 1952இல் அதே நகரில் திறந்த லீவர் ஹவுஸ், ஜன்னலே திறக்காத கண்ணாடி அலுவலகத்தை ஒரு நிறுவனத்தின் கௌரவ அடையாளமாக்கியது. சிங்கப்பூர், துபாய், மும்பை என்று வெயில் நாடுகளும் பின்னாளில் அந்த உருவத்தையே பிரதியெடுத்தன.

அகமதாபாத் ஆலை அதிபர்களின் கட்டடம்

நியூயார்க்கில் தோற்ற வாதத்தை லெ கொர்புசியே இந்தியாவில் கட்டிக் காட்டினார். அகமதாபாத் துணி ஆலை உரிமையாளர் சங்கத்தின் தலைவர் சுரோத்தம் ஹத்தீசிங், சங்கத்துக்கு அலுவலகம் கட்டித்தரக் கேட்டார். சபர்மதிக் கரையில் 1954இல் கட்டடம் முடிந்தது.

இந்தக் கட்டடத்தின் சிறப்பு, அதன் நான்கு முகங்களும் ஒன்றுபோல் இல்லாததுதான். வடக்கிலும் தெற்கிலும் ஏறக்குறைய மூடிய செங்கல் சுவர்கள். மேற்கில் தெரு. அங்கே ஆழமான கான்கிரீட் பட்டைகள் சாய்கோணத்தில் நிற்கின்றன. மாலை வெயில் நேராக உள்ளே பாயாது, காற்று மட்டும் நுழையும். கிழக்கில் ஆறு. அங்கே பட்டைகள் முகப்புக்குச் செங்குத்தாக நிற்பதால் ஆற்றின் காட்சியும் காற்றும் தடைபடுவதில்லை. ஒவ்வொரு திசைக்கும் வெயிலுக்கும் காற்றுக்கும் ஏற்ப வேறு வேறு விடை. 1573இல் முடிந்த சிதி சையத் மசூதியின் கல் ஜாலிகள் இருக்கும் ஊர் அது. வெளிச்சத்தைச் சல்லடையில் சலித்து உள்ளே விடுவது அந்த ஊருக்குப் புதிதல்ல.

1959இல் புதுதில்லியில் திறக்கப்பட்ட அமெரிக்கத் தூதரகம் கண்ணாடிச் சுவர்களுக்கு வெளியே ஜாலித் திரையைப் போர்த்திக்கொண்டது. வடிவமைத்தவர் எட்வர்ட் டுரெல் ஸ்டோன். அதே பத்தாண்டில் எழுந்த சண்டிகர் தலைமைச் செயலகமும் சுமார் 250 மீட்டர் நீளத்துக்கு வெயில் தடுப்புகளால் ஆனது.

ஆனால் இங்கே ஒரு குறையும் வெளிப்பட்டது. கனத்த கான்கிரீட் பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு மாலையில் மெல்ல வெளிவிடும். மொட்டைமாடித் தளம் இரவு 9 மணிக்கும் சுடுவதைப் போல. நிழல் தரும் பொருளே சூட்டுக் களஞ்சியமாகிவிடக்கூடாது. தடுப்பு மெல்லியதாகவும், சுவரிலிருந்து சற்றே விலகியும் இருக்கவேண்டும் என்பது அந்தத் தலைமுறைக் கட்டடங்கள் தந்த பாடம்.

நிழலுக்கு ஒரு கணக்கு

1957இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் பணியாற்றிய ஹங்கேரிய இரட்டையர்களான விக்டர், அலதார் ஓல்கியாய் சகோதரர்கள் வெயில் தடுப்புகளுக்கென்றே ஒரு நூல் வெளியிட்டார்கள். எந்த ஊரில், எந்த மாதத்தில், எத்தனை மணிக்குச் சூரியன் எங்கே நிற்கும், எந்தப் பட்டை எவ்வளவு நேரம் நிழல் தரும் என்பதை வரைபடங்களாக்கித் தந்தார்கள். ஊகமாக இருந்த விஷயம் கணக்காயிற்று.

அந்தக் கணக்கைச் சென்னைக்குப் போட்டுப் பார்ப்போம். நம் நகரம் 13 பாகை வடக்கில் இருக்கிறது. 2 அடி நீட்டிய சன்ஷேடு ஒன்று தெற்குச் சுவரில் இருந்தால், மார்ச் 21 நண்பகலில் அதன் கீழே 8 அடிக்கும் மேல் நிழல் விழும். ஒரு ஜன்னலுக்குத் தாராளம். அதே சன்ஷேடு மேற்குச் சுவரில் இருந்தால், அதே நாள் மாலை 4 மணிக்கு நிழல் சுமார் ஒன்றேகால் அடிதான். 5 மணிக்கு முக்கால் அடிகூட இல்லை. சூரியன் தாழ்ந்து நேர் எதிரே நிற்கும்போது தலைக்கு மேல் குடை பிடித்துப் பயனில்லை, முகத்துக்கு நேரே பிடிக்கவேண்டும்.

அதனால்தான் தெற்குக்குக் கிடைமட்ட சன்ஷேடும், மேற்குக்கும் கிழக்குக்கும் செங்குத்துப் பட்டை, ஜாலி அல்லது இறக்கிவிடும் திரையும் பொருந்துகின்றன. நான்கு பக்கமும் ஒரே அளவில் சன்ஷேடு வைத்த கட்டடத்தில் மேற்குப் பக்கத்தவர்கள் ஏன் அதிகம் புழுங்குகிறார்கள் என்பதற்கும் இதுவே காரணம்.

கண்ணாடி திரும்பி அடித்தபோது

1973இல் எண்ணெய் விலை ஒரேயடியாக ஏறியதும் மேற்கு நாடுகள் ஏ.சி. செலவைக் கவலையோடு பார்க்கத் தொடங்கின. வெளித்தடுப்புகள் மெல்லத் திரும்பின. நம் நாட்டில் காலம் எதிர்த்திசையில் ஓடியது. 1991க்குப் பின் வந்த தகவல் தொழில்நுட்பப் பூங்காக்களோடு கண்ணாடிப் பெட்டிகள் பெருகின. பழைய மாமல்லபுரம் சாலையில் மாலை நேரம் போனால், பளபளக்கும் முகப்புகளும் அவற்றுக்கு உள்ளே இழுத்துவிட்ட பிளைண்டுகளும் எரியும் டியூப்லைட்டுகளும் தெரியும். வெளிச்சத்துக்காக வைத்த கண்ணாடி, வெயிலுக்குப் பயந்து மூடப்பட்டு, விளக்கும் ஏ.சி.யும் சேர்ந்து ஓடுகின்றன.

இந்த முரண்பாட்டின் உச்சம் 2013இல் லண்டனில் அரங்கேறியது. ஃபென்சர்ச் தெரு 20ஆம் எண் அலுவலகக் கோபுரம், ரஃபேல் வின்யோலி வடிவமைத்தது. அதன் தெற்கு முகம் உள்நோக்கிக் குழிந்த கண்ணாடி. அது குழியாடியைப் போல வெயிலைக் குவித்துக் கீழே தெருவில் பாய்ச்சியது. நிறுத்தியிருந்த ஜாகுவார் காரின் பாகங்கள் உருகி வளைந்தன. அடுத்த ஆண்டு அந்த முகம் முழுவதும் கிடைமட்ட அலுமினியப் பட்டைகள் பொருத்தப்பட்டன. பாரிஸ் புகலிடத்துக்குப் பிறகு 80 ஆண்டுகள் கழித்தும் அதே பாடம். ஆரம்பத்திலேயே வரைந்திருந்தால் வடிவமைப்பின் ஒரு பகுதியாக முடிந்திருக்கும் வேலை, பிற்பாடு தனிச் செலவாக வந்து நின்றது.

அசையும் திரைகள்

நிலையாக நிற்கும் பட்டைக்குப் பதில் சூரியனோடு அசையும் திரை வைத்தால் என்ன என்ற ஆசையும் உண்டு. பாரிஸில் 1987இல் திறந்த அரபு உலக நிறுவனக் கட்டடத்தில் ழான் நுவெல் தெற்கு முகத்தில் 240 உலோகத் திரைகளை வைத்தார். அரபு நாட்டு மரச் சாளர வேலைப்பாட்டின் நினைவாக, கேமரா கண்ணைப் போல ஒளிக்கேற்பச் சுருங்கி விரியும் துளைகள். பார்த்தவர்கள் வியந்தார்கள். ஆனால் நுணுக்கமான பொறிகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. பின்னாளில் பெரிய அளவில் பழுதுபார்க்க வேண்டியிருந்தது. அபுதாபியில் 2012இல் முடிந்த அல் பஹர் இரட்டைக் கோபுரங்களில் ஒவ்வொன்றிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மடியும் குடைகள் சூரியனைத் தொடர்ந்து விரிந்து மூடுகின்றன. வெயில் அதிகம் படாத வடக்குப் பக்கத்துக்குத் திரை கிடையாது.

அசையும் பாகம் எதுவும் பராமரிப்புக் கேட்கும். லிஃப்ட்டையும் ஜெனரேட்டரையும் பராமரிக்கும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. நம் ஊரில் இன்னும் இரண்டு கவலைகள் சேரும். ஒன்று, புறா. பட்டைகளுக்கு இடையில் அது கூடு கட்டாமல் இருக்க வலையோ இடைவெளிக் கணக்கோ வேண்டும். இன்னொன்று, புயல். 2016இல் வர்தா வந்து போனதை யாரும் மறந்திருக்க மாட்டோம். உயர மாடியில் மாட்டும் எந்தத் திரையும் காற்றின் வேகத்தைத் தாங்கும்படி பொறியாளர் பார்த்துப் பொருத்தியதாக இருக்கவேண்டும்.

சட்டமும் நம் சுவரும்

இந்தியாவில் எரிசக்தித் திறன் பணியகம் 2007இல் வணிகக் கட்டடங்களுக்கான எரிசக்திச் சிக்கன விதிமுறையை வெளியிட்டது. 2017இல் அது திருத்தப்பட்டது. கண்ணாடி வழியே எவ்வளவு வெயில் வெப்பம் உள்ளே வரலாம் என்பதற்கு அது வரம்பு வைக்கிறது. வெளியே சன்ஷேடோ பட்டையோ இருந்தால் அதைக் கணக்கில் எடுத்துச் சலுகையும் தருகிறது. 2018இல் ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற பெயரில் குடியிருப்புகளுக்கும் ஒரு விதிமுறை வந்தது. வெளிச்சுவர், ஜன்னல் வழியே வீட்டுக்குள் வரும் வெப்பத்துக்கு அதிலும் ஒரு வரம்பு உண்டு. நிழல் தரும் அமைப்புகள் அந்தக் கணக்கிலும் சேரும். கடைக்காரரின் தட்டி அரசிதழ் ஏறிவிட்டது என்று சொல்லலாம்.

இந்த வரலாற்றை வரிசையாகப் பார்க்கும்போது ஒன்று புலப்படுகிறது. எங்கே முடிவெடுத்தவர் அந்த ஜன்னலருகே உட்காரவில்லையோ, அங்கெல்லாம் வெயில் தடுப்பு கைவிடப்பட்டது. பாரிஸ் புகலிடத்தின் குழந்தைகளிடமோ நியூயார்க் செயலகத்தின் மேற்குப் பக்க ஊழியர்களிடமோ யாரும் கருத்துக் கேட்டிருக்க மாட்டார்கள். புதுச்சேரியில் தங்கப்போகிறவர்களே மண் சுமந்து கட்டினார்கள். அகமதாபாத்தில் பணம் போட்டவர்கள் தாங்களே வந்து அமரும் கட்டடத்தைக் கட்டினார்கள்.

குடியிருப்பு வளாகத்தில் முடிவெடுப்பவர்களும் உள்ளே உட்காருகிறவர்களும் நாம்தான். ஆனால் எல்லோரும் ஒரே பக்கத்தில் உட்காருவதில்லை. கிழக்கு, வடக்கு வீட்டுக்காரர்களுக்கு மேற்குப் பக்கத்தின் மே மாத மாலை தெரியாது. வெளிச்சுவர் எல்லோருக்கும் பொது என்பதால் தனியொருவர் தன் விருப்பப்படி அதில் எதையும் மாட்டவும் முடியாது. ஆகவே இதைச் சங்கம் கூடித்தான் தீர்க்கவேண்டும். மூன்று யோசனைகளைப் பொதுக்குழுவின் கவனத்துக்கு வைக்கலாம்.

முதலாவது, வெளிப்பூச்சு வேலையின்போது முகப்பு ‘மாடர்னாக’ இருக்கட்டும் என்று சன்ஷேடுகளை இடிக்கும் யோசனை வந்தால், மேற்சொன்ன நிழல் கணக்கைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது. இரண்டாவது, பால்கனியைக் கண்ணாடியால் அடைக்க அனுமதி கேட்பவர்களிடம் அதன் விளைவைச் சொல்வது. திறந்த பால்கனி அறைக்கு ஆழமான வெயில் தடுப்பு. கண்ணாடி போட்டு மூடினால் அதுவே வெயில் பிடிக்கும் கூண்டாகிவிடும். மூன்றாவது, மேற்குப் பக்க வீடுகளுக்கு ஒரே நிறத்தில், ஒரே அளவில், வெளிப்பக்கம் இறக்கும் தட்டி அல்லது மெல்லிய பட்டைத் திரைக்கு ஒரு மாதிரி வடிவத்தை அங்கீகரிப்பது. முகப்பின் ஒழுங்கும் கெடாது, புயலுக்குத் தாங்குமா என்பதையும் ஒரே முறையில் சரிபார்த்துவிடலாம்.

முடிவெடுக்கும் கூட்டத்தை ஏப்ரல் மாத ஞாயிறு ஒன்றில், பிற்பகல் 4 மணிக்கு, மேற்குப் பக்க மேல்மாடி வீடு ஒன்றின் ஹாலில் வைத்தால் விவாதம் சீக்கிரம் முடியும்.